வரிசை கலையும் இடம்

பயணப் பத்திரிகை ஒன்றில் படத்தேர்வு என் வேலை. ஃபோட்டோகிராபர்கள் ஊர் சுற்றிவிட்டு வந்து ஹார்ட் டிஸ்க்கைக் கொடுப்பார்கள். அதிலிருந்து எட்டுப் பத்துப் படங்களைப் பொறுக்கி லே-அவுட்டுக்கு அனுப்ப வேண்டும்.

எந்த ஊர் டிஸ்க்காக இருந்தாலும் அதில் சுருக்கம் விழுந்த முகம் ஒன்று கட்டாயம் இருக்கும். தாடி வைத்த பெரியவர், பின்னணி முழுக்க மங்கல், கண் மட்டும் கூர்மை. காசியில் எடுத்ததும் அவர்தான், புஷ்கரில் எடுத்ததும் அவர்தான். அழகாகத்தான் இருப்பார். ஆனால் அவர் யார், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று படத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்கிற அந்த வகைப் படத்தை நான் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவேன். இதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

முதல் சுற்றில் படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கித்தான் பார்ப்பேன். அந்த அளவில் புன்னகை தெரியாது, கண்ணீர் தெரியாது. தலைக்கும் தலைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி, கால் விரிந்த கோணம், வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருவது, இவைதான் தெரியும். இரண்டு உடம்பு ஒட்டிக்கொண்டு ஒரே தலை போலத் தெரிந்தால் படம் போச்சு. பிரெஞ்சு ஃபோட்டோகிராபர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் படங்களைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார் என்பார்கள். அவருக்கும் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

கொல்கத்தாவின் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்வந்த ஒரு இளைஞரோடு இதைப் பற்றி நிறையப் பேச நேர்ந்தது. அந்தச் சந்தை ஹூக்ளி ஆற்றங்கரையில், ஹௌரா பாலத்தின் அடியில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாலம் பின்னணியில் வந்து நிற்கும். 1943இல் திறந்த பாலம். நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே சேர்த்த 26,500 டன் எஃகு. முக்கோணம் முக்கோணமாகப் போகும் அந்தச் சட்டங்களுக்கென்று ஒரு தாளம் இருப்பதால் கண் முதலில் அங்கேதான் ஓடுகிறது. ஆள் அப்புறம்தான். அவர் கொண்டுவந்ததில் பாதி பாலத்தின் படங்கள், கீழே மனிதர்கள் சும்மா இருந்தார்கள்.

மீதிப் பாதியில்தான் விஷயம் இருந்தது. பூக்கோக்கிறவர்களின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எடுத்திருக்கிறார். நம்மூரில் பூவை நாரில் கட்டுவார்கள். வேலை விரல் நுனியிலேயே முடிந்துவிடும். அங்கே செண்டுமல்லியை ஊசியில் கோத்து நூலில் தள்ளுகிறார்கள். ஊசி நிறைந்ததும் ஒரு கை நூலை இழுத்துப் பிடிக்க, மறு கை பூக்களை அடிவரை வழித்துவிடும். அந்த நேரத்தில் மட்டும் கை முழு நீளத்துக்கு விரியும். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தால் நாலு கையும் சேர்ந்து விரியாது. ஒன்று விரிந்திருக்கும், ஒன்று பாதியில் நிற்கும், ஒன்று மடியில் பூ தேடும், நாலாவது ஊசியைக் குத்தும். ஒரே வேலையின் நாலு கட்டங்கள் ஒரே ஃப்ரேமுக்குள். படத்தில் தாளம் என்று நான் சொல்வது இதைத்தான். அது வேலைக்குள்ளேயே இருக்கிறது. வேலை புரிந்தால்தான் எங்கே உட்காருவது, எப்போது அழுத்துவது என்று பிடிபடும். சுமைக்காரர்கள் விஷயமும் அப்படித்தான். பான்ஸ்குரா, கோலாகாட் பக்கத்துப் பூ லோக்கல் ரயிலில் ஹௌராவுக்கு வருகிறது. ரயில் வந்து கொஞ்ச நேரத்தில் கூடைகள் மொத்தமாக வரும், பிறகு ஓய்ந்துவிடும். ரயில் நேரம் தெரிந்தவர் ஓய்ந்த நேரத்தில் டீ குடிக்கலாம்.

ஃபோட்டோகிராபர் ரகு ராய் 1995இல் மும்பை சர்ச்கேட் ரயில் நிலையத்தில் எடுத்த படத்தை அந்த இளைஞருக்குக் காட்டினேன். மெதுவான ஷட்டரில் கூட்டமெல்லாம் கலங்கி ஓடுகிறது. பேப்பர் படிக்கிற சிலர் மட்டும் அசையாமல் தெளிவாக இருக்கிறார்கள். அந்தச் சிலரை எடுத்துவிட்டால் அது வெறும் ஷட்டர் வித்தை.

பேச்சு கடைசியில் இரண்டு படங்களில் வந்து நின்றது. ஒன்றில் நாலு சுமைக்காரர்கள் தலையில் கூடையோடு படியேறுகிறார்கள். சம இடைவெளி, ஆரஞ்சு, மஞ்சள், ஆரஞ்சு, மஞ்சள். இன்னொன்றில் அதே நாலு பேர், சில நொடி கழித்து. மூன்றாவது ஆள் நின்றுவிட்டார். ஒரு கை கூடையில், மறு கை இடுப்பில் அவிழ்ந்த கம்சாவை, அதாவது துண்டை, இழுத்துச் செருகுகிறது. முன்னால் போன இரண்டு பேரும் தள்ளிப் போய்விட்டார்கள். பின்னால் வருகிறவர் அவர் முதுகில் முட்டாமல் இருக்க உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கிறார், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது.

“முதல் படம்தான் சார் க்ளீனா இருக்கு.”

“க்ளீனா இருக்குப்பா. ஆனா கூடையில பூ இருக்கா பஞ்சு இருக்கான்னு எனக்குத் தெரியல.”

சிரித்தார். அப்புறம் அவராகவே சொன்னார்: எடுத்தது வியாழக்கிழமை, வங்காளி வீடுகளில் வாராவாரம் அன்றைக்கு லட்சுமி பூஜை, அதனால்தான் அத்தனை அவசரம். இது அவருக்கு அந்த மூன்றாவது ஆளே சொன்ன தகவல். கூடையை இறக்கியதும் கேமராத் திரையில் படத்தைக் காட்டி, கூட நின்று டீ குடித்திருக்கிறார். தூரத்தில் நின்று பெரிய லென்ஸில் திருடியிருந்தால், படத்தின் அடியில் “பூச்சந்தையில் ஒரு தொழிலாளி” என்று போடுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. அந்த வாசகத்தை எத்தனை தடவை அச்சில் பார்த்தாலும் எரிச்சல் வரும்.

அட்டைக்கு ஆசிரியர் முதல் படத்தையே எடுத்தார். மேலே வானம் காலியாக இருந்ததால் பத்திரிகையின் பெயர் வைக்க வசதி, நியாயம்தான். இன்னொன்றை உள்ளே இரண்டு பக்கத்துக்கு விரித்தோம். நடு மடிப்பு சரியாக மூன்றாவது ஆளின் மேல் விழுந்தது. படத்தைப் பெரிதாக்கி இடது பக்கம் நகர்த்தினால் சாய்ந்து நிற்பவர் வெட்டுப்படுவார், வலது பக்கம் நகர்த்தினால் முன்னால் போகிறவர் போய்விடுவார். லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் என்னைப் பார்த்தார். சாய்ந்தவர் இல்லாவிட்டால் கூடையின் கனமே படத்தில் இருக்காது, முன்னால் போகிறவரை வெட்டிவிடுங்கள் என்றேன். நாலு பேர் மூன்று பேரானார்கள்.