22 மணி நேரம்தானாம்!

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து எங்கள் சாட்ஸ்வர்த்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தென்கொரியா போகிறாள். நேற்று சாயங்காலம் ஒப்பந்தத்தோடு வந்தாள். "அங்கிள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அரசுப் பள்ளி வேலை. வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு என்றதும் அவளுக்கு ஒரே குஷி. அடுத்த வரியைக் காட்டினேன்: பள்ளியில் இருக்க வேண்டியது 40 மணி நேரம். வகுப்பே இல்லாவிட்டாலும் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு லீவு விட்டாலும் பல நாள் அப்படித்தான். 22ஐத் தாண்டி வகுப்பு எடுத்தால்தான் கூடுதல் பணம்.

மாதச் சம்பளம் கொரியப் பணத்தில் 20 லட்சம் வோனுக்கு மேல். அவள் அம்மா மயங்கி விழாத குறை! எங்கள் நாட்டுப் பணமான ராண்டில் கணக்குப் போட்டதும் மயக்கம் தெளிந்தது. ஆனாலும் வீடு இலவசம். ஒரு வருடம் முடித்தால் இன்னொரு மாதச் சம்பளமும் கையில் வரும். அது சும்மா இல்லை.

தனியார் டியூஷன் சென்டர் ஒன்றும் கூப்பிட்டதாம். அங்கே மத்தியானம் ஆரம்பித்தால் ராத்திரி 9, 10 மணி ஆகிவிடும். வேண்டாம் என்றேன்.

அப்புறம் இன்னொரு கூத்து. இந்த வேலைக்கு, 7ஆம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில்தான் படித்தாள் என்று அவள் படித்த பள்ளியில் கடிதம் வாங்க வேண்டும். தமிழில் நாலு வார்த்தை பேசவே திணறுகிற பெண்ணுக்கு!