18 மில்லிமீட்டருக்குள் ஒரு நெருப்பை அடக்குவது

எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், பற்றிப் பேச்சு வந்தால், கரண்ட் கூடிப்போனது அதற்கு எப்படித் தெரிகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது எளிய பாதி. லோடு கூடினால், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை சூடேறி வளைந்து, தொடுமுனைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொக்கியைத் தட்டிவிடும். ஷார்ட் சர்க்யூட் என்றால் கம்பிச்சுருள் காந்தமாகி உடனே அதே கொக்கியை விடுவிக்கும். 1924லேயே ஜெர்மனியின் மன்ஹைமில் ஹ்யூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம் இந்த இரண்டையும் ஒரே சின்ன உடலுக்குள் சேர்த்து, ஃபியூஸ் இருந்த இடத்திலேயே திருகிப் பொருத்தும்படி செய்துவிட்டது.

கஷ்டம் அப்புறம்தான். தொடுமுனைகள் பிரிந்தாலும் மின்சாரம் நிற்காது; நடுவில் உள்ள காற்றையே பல ஆயிரம் டிகிரி சூட்டில் கடத்தியாக்கி, ஆர்க்காக, அதாவது எரியும் மின்பொறியாக, பாய்ந்துகொண்டே இருக்கும். முனைகளை வெகுதூரம் விலக்கினால் அது அறுந்துவிடும் என்பது சரி, ஆனால் ஒரே ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் (சிங்கிள் போல்) எம்.சி.பி.யின் மொத்த அகலமே சுமார் 18 மில்லிமீட்டர், அதற்குள் எங்கே விலக்குவது?

இதற்குக் கண்டுபிடித்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆர்க்கை நீட்டுவதோடு விடாமல், அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். மின்னோட்டத்தின் சொந்தக் காந்தப்புலமே ஆர்க்கை ஓரமாகத் தள்ளும், அங்கே சின்ன இடைவெளி விட்டு அடுக்கிய இரும்புத் தகடுகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தகட்டிலும் ஆர்க் ஒருமுறை முடிந்து மறுபடி தொடங்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு துண்டுக்கும் ஏறத்தாழ 20 வோல்ட் செலவாகிறது. பத்துப் பன்னிரண்டு தகடுகள் சேர்ந்தால் ஆர்க் கேட்கும் வோல்டேஜ் லைன் கொடுப்பதை எட்டிப்பிடிக்கிறது, கரண்ட் முழு உச்சத்துக்கு ஏறுவதற்குள்ளேயே அடங்கத் தொடங்குகிறது, 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்றுக்கு ஆகும் 10 மில்லி விநாடிக்குள் கதை முடிந்துவிடுகிறது. வேகமாக முடிவதால் உள்ளே வெளியாகும் வெப்பமும் குறைவு, அதனால்தான் உடல் இவ்வளவு சின்னதாக இருக்க முடிகிறது. ஆக, இங்கே பாதுகாப்பைக் கொடுப்பதுதான் அளவையும் குறைக்கிறது.

இன்னொரு நுணுக்கம், லீவரை யாராவது கையால் ஆன் நிலையில் அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே முனைகள் பிரிந்தே தீரும். பதற்றத்தில் மனிதன் என்ன செய்வான் என்று யோசித்து வடிவமைத்தது இது.

இந்த வேலைப்பாடு எதுவுமே தினசரி ஆன், ஆஃபில் தெரியாது, ஷார்ட் ஆகும் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் வாங்கும்போது முகப்பில் சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அத்தனை ஆம்பியர் வரையிலான ஷார்ட் சர்க்யூட்டைத் துண்டிக்க முடியும் என்று அர்த்தம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும்.

மாடியில் சோலார் போடுகிறவர்களுக்கு ஒன்று: பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் பாயும் டி.சி. மின்சாரம், அதனால் அந்தப் பக்கம் வீட்டு லைனின் ஏ.சி. (திசை மாறி மாறிப் பாயும்) மின்சாரத்துக்கான சாதாரண எம்.சி.பி. போட விடாதீர்கள். ஏ.சி.யில் கரண்ட் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் அணைய வாய்ப்பு தானாகவே கிடைக்கும், டி.சி.யில் அது கிடையவே கிடையாது. டி.சி. எம்.சி.பி.யிலும் சிலவற்றில் ஆர்க்கைத் தள்ள நிலைக்காந்தம் வைத்திருப்பார்கள். அவற்றில் பிளஸ், மைனஸை மாற்றி இணைத்தால் ஆர்க் தகடுகளுக்கு எதிர்ப்பக்கம் ஓடி எம்.சி.பி.யே தீப்பிடிக்கலாம், அதனால் முகப்பில் உள்ள குறியைப் பார்த்து இணைக்கச் சொல்லுங்கள்.