காற்றாடிமலையில் தங்கையோடு

கணவர் இறந்த பிறகு எட்டு மாதமாக என் தங்கை கோயில் பக்கமே போகவில்லை. அவளுக்குக் கோபம் கடவுள் மேல் இல்லை, ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேல். "ஆண்டவர் நேசிக்கிறவங்களைத்தான் சோதிப்பார்" என்றார் ஒருவர். "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருக்கலாம்" என்றார் இன்னொருவர். மாரடைப்பு வந்து அரை மணி நேரத்தில் போன மனிதருக்கு யார் எப்போது ஜெபிப்பது?

போன மாதம் அவளே கேட்டாள்: "அண்ணே, காற்றாடிமலைக்குப் போவமா?"

நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி ஆரல்வாய்மொழியில் இறங்கினோம். கணவாய்க் காற்று சேலைத் தலைப்பை நிற்கவிடவில்லை. வியாகுல அன்னை கோயிலில் கூட்டம் இல்லை. அவள் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள், முழந்தாள் போடவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த மலையின் புனிதர் தேவசகாயம் பிள்ளையின் கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பிலேயே மனப்பாடம். பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்த நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்கு மாடுகள் செத்தன, பயிர் அழிந்தது. நொந்துபோயிருந்த அவருக்கு, பைபிளில் சொத்தும் பிள்ளைகளும் பறிபோன யோபுவின் கதையைச் சொன்னவர் டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாய். அவரே 1741 குளச்சல் போரில் தோற்றுக் கைதியாகி, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். தானும் எல்லாம் இழந்தவன் சொன்னதால்தான் அந்தக் கதை பிள்ளையின் மனதில் ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளின் துணை என்று பொருள். நான்கு வருடத்தில் சிறை. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். சாட்டையடிக் காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். புனிதர் பட்டம் 2022 மே 15இல் வந்தது.

பாறைக்கு ஏறினோம். அவர் கடைசியாக ஜெபித்தபோது முழங்காலும் முழங்கையும் பதிந்ததாகச் சொல்லும் தடங்கள் அங்கே இருக்கின்றன. தங்கை குனிந்து அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் பாறை சுட்டிருக்கும், கையை எடுக்கவில்லை.

"இவரையும் காப்பாத்தலையே" என்றாள்.

ஆமாம், காப்பாற்றவில்லை. அங்கே நின்றபோது யோபு ஆகமம்தான் நினைவுக்கு வந்தது. யோபு பொறுமைசாலி என்று பிரசங்கத்தில் சொல்லிச் சொல்லி, மூன்றாம் அதிகாரத்தில் அவர் தான் பிறந்த நாளையே சபிப்பதை மறந்துவிட்டோம். பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறந்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய் என்று கடவுளுக்காக வாதாடினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபுவை அல்ல, அந்த வக்கீல்களை!

இதையெல்லாம் அவளிடம் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் நானும் நாலாவது நண்பனாகியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மணியடிச்சான் பாறையில் ஒரு குடும்பம் கல்லால் தட்டிக்கொண்டிருந்தது. நிஜமாகவே கோயில் மணி மாதிரிதான் கேட்கிறது. அவளும் ஒரு கல்லை எடுத்து ஓங்கித் தட்டினாள். பிறகு இன்னும் பலமாக. ஏழெட்டுத் தடவை தட்டிவிட்டுக் கல்லைக் கீழே வைத்தபோது முகம் நனைந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "கடைசியில யோபுவுக்கு வேற பிள்ளைங்க பிறந்துதுன்னு எழுதியிருக்கு. செத்த பிள்ளைங்க?"

"தெரியலம்மா."

தோவாளை வந்ததும் இறங்கணும் என்றாள். பூச்சந்தையில் மகளுக்காக இரண்டு முழம் பிச்சி வாங்கினாள். அடுத்த பஸ் வர அரை மணி நேரம் ஆனது.