மண்டியிட முடிகிறதா?

அந்த அம்மாவுக்கு நான் முழங்கால் மூட்டு மாற்றி ஆறு மாதம். எக்ஸ்ரேயில் எல்லாம் கச்சிதம், எனக்கு நிம்மதி. அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் படிவத்தை எடுத்தேன். 1998இல் வெளியானது. கடந்த 4 வாரத்தில் முழங்கால் வலி, அன்றாட வேலைகள் எப்படி என்று 12 கேள்விகள். நோயாளிதான் பதில் சொல்ல வேண்டும். இப்போதைய முறையில் முழு மதிப்பெண் 48.

“மண்டி போட்டு எழுந்திருக்க முடியுதாம்மா?”

கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். “விளக்கேத்தக்கூட ஸ்டூல்லதான் உட்காருறேன் தம்பி. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல.”

எலும்பை எந்தக் கோணத்தில் அறுப்பது என்று பிளாஸ்டிக் எலும்பில் எத்தனையோ முறை பழகியிருக்கிறேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க யாரும் பழக்கியதில்லை. இப்போது ஜூனியர்களை நோயாளி பக்கத்தில் உட்காரவைத்து அதையும் பழக்குகிறேன். ‘வலி இல்லைதானே?’ என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.