மார்கழியில் புல்லட் இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்தேன்

செங்கோட்டையில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து மழை வரும். அப்பாவின் 1996 மாடல் புல்லட் இந்த இரண்டு மழையிலும் தகரக் கூரைக்கு அடியில் நின்ற வண்டி. 346 சிசி, பழைய வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர். ஓட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சிலிண்டரைப் பார்த்தால் மனசு கேட்காது. பொருக்குப் பொருக்காகப் பழுப்புத் துரு, அதன்மேல் யாரோ எப்போதோ பிரஷ்ஷால் பூசிய கருப்புப் பெயின்ட், அதுவும் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

போன அரையாண்டு விடுமுறையில் இதை முடித்துவிடுவது என்று இறங்கினேன். பத்து நாள் போதும் என்பது கணக்கு. முடிந்தது தை பிறந்த பிறகுதான்.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "என்னல, பெயின்ட அடிச்சு துருவ மூடப் போறியா, துருவ எடுத்துட்டு பெயின்ட் அடிக்கப் போறியா?" வேலை முழுக்க அந்தக் கேள்விதான் என்னுடன் இருந்தது.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். "சார், சிலிண்டரையும் அதுக்கு மேல மூடியா இருக்கிற ஹெட்டையும் நான் கழட்டித் தாரேன். தேய்க்கிறத நீங்களே தேச்சுக்கிடுங்க, அதுக்குக் கூலி சொன்னா உங்களுக்குக் கட்டாது" என்றார். இன்ஜினை வண்டியில் வைத்தே பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. டேங்கையும் சைலன்சரையும் கழற்றிவிட்டால் ஓரளவு கை போகும். ஆனால் துரு இருப்பது சிலிண்டரைச் சுற்றி, சூடு ஆறுவதற்காக வார்த்திருக்கும் செதில்களின் அடியில். அங்கே பிரஷ் போகாமல் மேலே எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த ஆடியில் வெளியே வந்துவிடும். சிலிண்டரைக் கழற்றியதும், அதற்குக் கீழே இருக்கும் இன்ஜின் பெட்டியான கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான பருத்தித் துணியைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் கட்டினோம். உப்புத்தாள் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் பேரிங் தேய்ந்துவிடும். இதில் நான் கொஞ்சம் அதிகமாகவே பயந்தேன், அது சரியான பயம்தான்.

முதல் மூன்று நாள் அழுக்கு எடுப்பது மட்டும். மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி பிரஷ், ஐஸ்கிரீம் குச்சி, பிறகு சோப்புத்தூள் தண்ணீர். காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் ஒரே ராத்திரியில் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வார்ப்பிரும்பு அதைத் தாங்கும், அலுமினியம் தாங்காது. நல்லவேளையாக, தூக்கிப்போட வைத்திருந்த உடைந்த அலுமினிய மூடி ஒன்றைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். நுரைத்துக் கொண்டே கறுத்தது, கழுவிப் பார்த்தால் முகமெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழி. புல்லட்டில் சிலிண்டர் இரும்பு, ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியம். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

சிலிண்டருக்குக் கம்பி பிரஷ், அப்புறம் 120 நம்பர் உப்புத்தாளை ரிப்பன் மாதிரி கிழித்துச் செதில்களுக்கு இடையே விட்டு இழுத்தேன். பிடிவாதமான இடங்களில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. தேய்க்கத் தொடங்கிய இரண்டாம் நாள் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இரும்பு தெரிந்தது. அத்தனை சந்தோஷம். அதைக் கழுவித் துடைத்து, திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் சிலிண்டர் முழுக்க மஞ்சள்தூள் தூவியது போலப் புதுத் துரு. மார்கழிப் பனி. மேல்தோல் இல்லாத இரும்புக்கு ஒரு ராத்திரி ஈரம் போதும். இரண்டு நாள் உழைப்பை அப்படிப் பார்த்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "தேய்க்கிறதும் அடிக்கிறதும் ஒரே வெயில்ல முடியணும் சார்" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான். மறுபடி லேசாகத் தேய்த்துவிட்டு, அன்று அடிக்காமல், எண்ணெய் தடவி எடுத்து வைத்தேன். பெயின்ட் கையில் இருக்க வேண்டும், பகல் முழுக்க வெயில் இருக்க வேண்டும், அப்புறம்தான் கடைசித் தேய்ப்பு.

பெயின்டுக்கு நண்பரின் காரில் கேரளத்துப் புனலூர் போனோம். கடைக்காரச் சேட்டன் முதலில் கேட்டது, "எங்கே அடிக்கப் போகிறீர்கள், சைலன்சரா, இன்ஜினா?" என்று. சாதாரண ஸ்ப்ரே எனாமல் சிலிண்டர் சூட்டில் நிறம் மாறி உரிந்துவிடும். சிலிக்கோன் பிசின் கலந்த, சூடு தாங்கும் பெயின்ட் வேண்டும். அது காற்றில் காய்ந்தாலும் முழுசாக இறுகாது, சூடு ஏற்றினால்தான் இறுகும். இதை அவர்தான் பொறுமையாக விளக்கினார். சிலிண்டருக்கு மேட் கருப்பு, கிராங்க் கேஸுக்குச் சில்வர், அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ள எட்ச் பிரைமர் என்று வாங்கினேன். ஹெட்டுக்கு ஒன்றும் வாங்கவில்லை. அலுமினிய ஹெட் சுத்தமாக இருந்தாலே அழகு, அதன்மேல் நிறம் ஏற்றுவதில் எனக்கு விருப்பமில்லை.

அடிக்கும் நாளில் வீட்டு முற்றத்தில் சிரட்டைக் கரி மூட்டினேன். நெருப்பில் வைக்கவில்லை, பக்கத்தில் செங்கல் மேல் சிலிண்டரை வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினேன். இருபத்தைந்து வருஷத்து எண்ணெய் வார்ப்பின் நுண்துளைகளில் இருக்கும். சுத்தமாகத் தெரிந்த இரும்பில் வியர்வைபோல மினுமினுப்பாக எழும்பியது. தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன், மறுபடி சூடு, மறுபடி துடைப்பு. நான்காவது முறை துணி வெள்ளையாகவே வந்தது. அதற்குப் பிறகு கரியை முற்றாக அணைத்து, தண்ணீர் ஊற்றி, சாம்பலை அகற்றிய பின்தான் தின்னர் டப்பாவையும் ஸ்ப்ரேயையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் துடைப்புகளுக்குச் சிலிண்டரைத்தான் பின்கட்டுக்குத் தூக்கிப் போனேன். நெருப்பும் தின்னரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

சிலிண்டரின் உள்சுவரில் கிரீஸ் தடவிக் காகிதம் சுருட்டி அடைத்தேன். மேலும் கீழும் கசிவைத் தடுக்கும் பேக்கிங் உட்காரும் முகங்களுக்கு மாஸ்கிங் டேப். அங்கே பெயின்ட் படிந்தால் முடுக்கிய பிறகு நசுங்கி, நட்டு தளர்ந்து, எண்ணெய் கசியும்.

பதினோரு மணிக்குமேல் தொடங்கினேன். காலைப் பனியில் அடித்தால் பெயின்ட் பால்போல வெளுத்துப் போகும். இரும்பு கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருந்தது. முதல் கோட் பனித்துளிபோல, அடியில் இரும்பு தெரியத் தெரிய. பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. செதில்களுக்கு இடையே நேராக அடித்தால் உள்ளே போகாது, சாய்த்து நான்கு பக்கமிருந்தும் அடிக்க வேண்டும். இன்னொரு கோட் அடிக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். காற்றில் குளிரும் இன்ஜினுக்குத் தடிமனான பெயின்ட் போர்வை மாதிரி, சூட்டை வெளியே விடாது. ஓரங்களில் உரியத் தொடங்குவதும் தடித்த இடத்தில்தான்.

கிராங்க் கேஸ் வண்டியிலேயே இருந்ததால் அதற்குச் சிரட்டைக் கரி காட்ட முடியவில்லை. துடைத்து, 220-ல் தேய்த்து, பிரைமர் போட்டுச் சில்வர் அடித்தேன். இன்ஜின் நம்பர் பொறித்த இடத்தை மட்டும் டேப் ஒட்டி மூடினேன். ஆர்.சி. மறுபடி புதுப்பிக்கும்போது நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். பொறித்த எழுத்தின்மேல் உப்புத்தாளே படக் கூடாது, நான் பல்துலக்கி பிரஷ்ஷோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் காயவிட்டு, புதுப் பேக்கிங் போட்டு அண்ணாச்சி பூட்டித் தந்தார். முதலில் பத்து நிமிஷம் ஐட்லிங், பிறகு கை வைத்தால் குளிரும்வரை ஓய்வு. அடுத்து பதினைந்து நிமிஷம், எதிரே டேபிள் ஃபேன். அப்புறம் இருபது. முதல் இரண்டு தடவை புகையும் நெடியும் வந்தது, அது பெயின்ட் இறுகுகிற நெடி. நன்றாகக் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கினோம்.

பொங்கல் முடிந்த மறுநாள் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துப் புளியரை வழியாகப் புறப்பட்டேன். எஸ் வளைவில் ஏறும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது. கோட்டைவாசலில் நிறுத்தி இருவரும் குனிந்து பார்த்தோம். சிலிண்டரில் ஒரு செதிலிலும் குறை இல்லை. கிராங்க் கேஸில், டேப்பட் மூடிக்குக் கீழே, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சில்வர் கொப்புளித்திருந்தது. சூடு காட்டி எண்ணெய் எடுக்காமல் விட்ட இடம். அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கீழே இருந்து சிலிண்டரைப் பார்த்தார். "அதை அடுத்த மார்கழியில எடுத்துக்கலாம். இது நிக்கும்" என்றார். ஆரியங்காவில் டீ குடித்துவிட்டு, இறக்கத்தில் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.