தொழில்வாண்மை வினாவுக்கு விடை எழுதுவது எப்படி: மிகிந்தலையில் படிக்கும் கிழக்குப் பிள்ளைகளுக்கு

பெறுபேறு வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு மேல்நிலை. இனிப் பயமில்லாமல் எழுதலாம்.

களுவாஞ்சிக்குடி, திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ரஜரட்ட பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாடு படிக்கும் தம்பி தங்கைகள் சிலர், “அக்கா, நோட்ஸ் தாருங்கள்” என்று கேட்கிறார்கள். தருகிறேன். ஆனால் அதில் இருப்பது ஒட்டாவா, அடிலெய்ட், சண்ட்ஸ்வால், ஜகார்த்தா என்ற உலகச் சுகாதார மேம்பாட்டு மாநாடுகளின் வரிசைதான். அதை மண்டபத்தில் இருக்கும் எல்லாரும் எழுதுவார்கள். திருத்துபவருக்குக் கண் சொருகிவிடும்.

“சுகாதார மேம்பாடு ஓர் உயர்தொழிலா?” என்ற வகை வினாவுக்கு என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு கேள்வி: இந்த வேலையைச் செய்யத் தகுதியானவர் யார் என்பதைத் தீர்மானிப்பது யார்? எந்த ஆண்டை எழுதினாலும் இந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதுங்கள். பதிலாகாத ஆண்டை வெட்டிவிடுங்கள்.

1986 நவம்பரில் வந்த ஒட்டாவா சாசனம் ஐந்து செயற்பரப்புகளைச் சொன்னது. பொறுப்பையோ தனியாள், சமூகக் குழு, சுகாதாரப் பணியாளர், அரசு என்று எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தது. எல்லாருக்கும் உரிய வேலைக்குத் தனியாக ஒரு தொழிலர் எதற்கு? விடை இந்த முரணிலிருந்து தொடங்கட்டும். 2008இல் அயர்லாந்தின் கோல்வேயில் நடந்த மாநாடு, இந்த வேலையைச் செய்பவருக்கு வேண்டிய எட்டுத் தேர்ச்சிப் பரப்புகளை முன்வைத்தது. பின்னர் ஐரோப்பாவில் இந்தத் தேர்ச்சிகளை வகுத்த கொம்ப்-எச்பி (CompHP) திட்டம் அவற்றை ஒன்பதாக்கியது. தொடர்பாடல் தனிப் பரப்பானது. அறநெறி விழுமியங்களும் அறிவுத்தளமும் ஒன்பதுக்கும் அடித்தளமாக வைக்கப்பட்டன. இவற்றைப் பெயர் பெயராக ஒப்புவிப்பதில் புள்ளி குறைவு. பட்டியல் எதற்குத் தேவைப்பட்டது என்று எழுதுங்கள். பட்டியல் இருந்தால்தான் பாடநெறியை அளக்கலாம். பாடநெறியை அளந்தால்தான் ஆளைப் பதியலாம். அமெரிக்கா வேறு வழியில் போனது: 1988இல் அமைந்த ஆணைக்குழு ஒன்று, பரீட்சை வைத்துச் சுகாதாரக் கல்வி நிபுணர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது.

இலங்கையைக் கடைசிப் பந்திக்குத் தள்ளாதீர்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாதுக்கு மருத்துவச் சபையில் பதிவு உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஊர்க் கடைக்காரருக்கும் தெரியும். டெங்குக் காலத்தில் படலையைத் தட்டுபவர் அவர்தானே. நம்மை யாருக்குத் தெரியும்? நேர்முகத்துக்குப் போன ஓரிடத்தில் “நீங்கள் தாதியா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள். அந்தக் கோபத்தை நீங்கள் விடைத்தாளில் காட்டினாலும் தவறில்லை, ஆதாரத்தோடு காட்டுங்கள்.

என் களப்பணி படுவான்கரையில் ஒரு கிராமம். அங்கே தாய்மார் வெற்றிலை, புகையிலை, சாராயத்துக்கு வீட்டிலிருந்து போகும் பணத்தைத் தாங்களே எழுதிக் கூட்டினார்கள். கூட்டிப் பார்த்தவர்களிடம் பிரசங்கம் செய்யத் தேவையிருக்கவில்லை. முடிவில், “நாங்களே செய்தோம், பிள்ளை சும்மா வந்து இருந்தது” என்றார் ஓர் அம்மா. வாய்மொழித் தேர்வில் இதைத்தான் துருவினார்கள்: அப்படியென்றால் உன் வேலை என்ன? எழுத்துக்குத் தயங்கியவர்களுக்குக் கீறிக் கணக்கு வைக்க வழி காட்டியது, கடைக்காரரையும் பேச்சில் சேர்த்தது, தொகையைச் சொல்லி யாரையும் வெட்கப்படுத்தவிடாமல் தடுத்தது. இவற்றுக்கெல்லாம் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது. நன்றாகச் செய்தால் ஊர் தானே செய்ததாகச் சொல்லும் தொழில் இது. பதிவேட்டில் இடம் கேட்பது கடினமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றேன். சிரித்தார்கள். புள்ளியும் போட்டார்கள்.

மற்றவை:

- ஒட்டாவாவுக்குப் பிறகு இன்னொரு மாநாடு போதும். நான் எடுத்தது 2005 பாங்கொக்.
- கொள்கைக்கு உதாரணம் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் பற்றிய அதிகாரசபைச் சட்டம். சிகரெட் பெட்டியில் 80 சதவீதப் பட எச்சரிக்கையையும் சேருங்கள்.
- முதல் பந்தியிலேயே பக்கம் சாருங்கள். “பாதி உயர்தொழில்” என்று நான் எழுதினேன்.
- கூட்டுப் படிப்பு வேண்டாம். பேசுபவர் படிக்கிறார், மற்றவர்கள் தேநீர் குடிக்கிறார்கள். (தோழிகள் இதை மறுப்பார்கள்.)
- ஹபரணை வழி பஸ்ஸில் படிக்காதீர்கள். தூங்குங்கள்.

களக்குறிப்பேட்டை எறிந்துவிடாதீர்கள். திகதியும் மேற்பார்வையாளரின் கையெழுத்தும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். இப்போது விண்ணப்பங்கள் நிரப்புகிறேன். தகைமைகள் என்ற கட்டத்தில் பட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், எந்தத் தேர்ச்சியை எந்த ஊரில் செய்து காட்டினேன் என்று அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.