கறி வெட்டின கையால எழுதின விலங்குரிமை

விலங்குரிமைன்னாலே ஆஸ்திரேலிய தத்துவவாதி பீட்டர் சிங்கர் பேருதான் முதல்ல வருது, அமெரிக்க தத்துவவாதி டாம் ரீகன் பேர் அவ்வளவா அடிபடுறதே இல்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். என்னைக் கேட்டா இந்த விஷயத்துல அடிவேர் வரைக்கும் போனவர் ரீகன்தான்.

1938ல பிட்ஸ்பர்க்ல பிறந்தவர், காலேஜ் செலவுக்காக கசாப்புக்காரரா வேலை பார்த்திருக்காரு. 1967ல நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டில பிலாசபி ப்ரொஃபசரா சேர்ந்தவர் 2001ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கயேதான். வியட்நாம் போரை எதிர்த்துட்டு இருந்தப்ப வன்முறை பத்தி யோசிக்க காந்தியைப் படிக்கிறாரு, போர் வேணாம்னா அப்ப தட்டுல இருக்கறது என்னன்னு கேள்வி வந்துருது, அந்த சமயம் பார்த்து ஆசையா வளர்த்த நாயும் செத்துப்போக, இந்த ஒரு நாய்க்கு மட்டும்தான் அழணுமா மத்ததுக்கெல்லாம் கிடையாதான்னு மனசு மாறிடுச்சு.

ஆனா அவரு கண்ணீரை வச்சு எழுதல. 1983ல வந்த 'தி கேஸ் ஃபார் அனிமல் ரைட்ஸ்' முழுக்க முழுக்க வாதம்தான். சிங்கர் வழியில பார்த்தா மொத்த இன்பம் எவ்வளவு, துன்பம் எவ்வளவுன்னுதான் கணக்கு. ரீகன் இதை ஒரு கோப்பையை வச்சு விளக்குவாரு: உள்ள ஊத்துனது இனிப்பா கசப்பான்னு மட்டும் பாக்குறீங்க, கோப்பைக்கு மதிப்பே இல்லையா? ஆசை, ஞாபகம், வலி, நாளைக்குன்னு ஒரு எதிர்பார்ப்பு இதெல்லாம் இருக்கற உயிருக்கு அதோட வாழ்க்கை எப்படிப் போகுதுங்கறது அதுக்கே முக்கியம், அதனால பத்துப் பேருக்கு லாபம்னு அதை ஒரு பொருளா யூஸ் பண்ண உங்களுக்கு உரிமை இல்ல. இரக்கப்பட்டு விடுறது வேற, உரிமைன்னு விடுறது வேற. அதனாலதான் கூண்டைப் பெருசாக்குறதோட அவர் நிக்கல, கூண்டே காலியாகணும்னாரு.

படகு உதாரணத்துலதான் நிறைய பேர் அவரை மடக்குவாங்க. பாரம் தாங்காத படகுல நாலு மனுசன் ஒரு நாய், ஒருத்தரைத் தள்ளினாதான் மத்தவங்க பொழைப்பாங்கன்னா நாயைத்தான் தள்ளணும்னு அவரே எழுதிட்டாரு, சாவுல மனுசன் இழக்கறது அதிகம்னு காரணமும் சொன்னாரு. அந்தக் காரணம் எனக்கும் ஒட்டல, இப்படிப்பட்ட எல்லா உயிருக்கும் சம மதிப்புன்னு சொல்லிட்டு அங்க மட்டும் தராசு எடுத்த மாதிரி இருக்கு. ஆனா தனக்கு சங்கடமான கேள்வியை மறைக்காம நடு புத்தகத்துல வச்சாரு பாருங்க, அதுக்காகவே அவர் மேல மரியாதை கூடுது.

2017ல இறந்துட்டாரு. பெரிய புத்தகம் மலைப்பா இருந்தா 2004ல பொது வாசகருக்குன்னு எழுதின 'எம்ப்டி கேஜஸ்' (காலிக் கூண்டுகள்) எடுத்துக்கங்க, கறி சாப்பிடுறவங்களும் தாராளமா படிக்கலாம்.